அரைமில்லி அண்ணனின் ஆர்ம் மெஷின்

எங்கள் பட்டறையில் ஒரு பலகையை நறுக்க வேண்டுமென்றால் முதலில் மெஷினின் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். மெஷின் சும்மா நிற்கலாம், மின்சாரம் இருக்கலாம், உங்கள் அவசரம் தலைக்கு மேல் இருக்கலாம். துணி இருந்தால் தொடக் கூடாது. அதைக் கட்டுகிறவர் என் அண்ணன். அவிழ்க்கிற உரிமையும் அவர் ஒருவருக்கே. வாழ்க்கையில் உனக்கு அதிக எரிச்சல் மூட்டிய பொருள் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த ஒரு முழத் துணியைத்தான் சொல்வேன்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஜன்னல் சட்டங்களுக்கு மோல்டிங் என்கிற அலங்கார வரி இழைத்து, கண்ணாடி உட்காருவதற்குக் காடி என்கிற பள்ளம் எடுப்பார். தம்பி அலமாரி செய்வான். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடியைப் பொருத்தி, ஓரத்தில் லப்பம் வைப்பேன். வருகிறவர்களிடம் பேசுவதும், இவர்கள் இருவரும் முகம் திருப்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் தூது போவதும் என் தலையில் தானாக வந்து விழுந்த வேலைகள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்த நாளிலிருந்து இந்தப் பட்டறைதான் எனக்கு வீடு, வாசல், போக்கிடம் எல்லாம்.

தெருவில் அண்ணனுக்கு அரைமில்லி என்று பெயர். ஒரு சட்டத்தைக் கையில் வாங்கினால் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். அரை மில்லி ஏறியிருக்கு, அரை மில்லி இறங்கியிருக்கு. அரை மில்லிமீட்டர் என்பது ஒரு நகத்தின் கனம். அந்தக் கனத்துக்காக நாங்கள் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறோம், வாடிக்கையாளரை வாசலில் நிற்க வைத்திருக்கிறோம். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகாமல் இருந்திருக்கிறோம்.

மரவேலைக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிட்டுத்தான் பழக்கம். அண்ணன் ஒரு கதவுக் கடையில் கணக்கு எழுதப் போனவர், எழுதுகிற நேரத்தைவிட உள்ளே போய் வேடிக்கை பார்த்த நேரம் அதிகம். பிறகு எங்கோ ஒரு மில்லை மூடியபோது, யாரும் சீந்தாமல் கிடந்த இந்த ஆர்ம் மெஷினை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எப்படி ஓட்டுவது என்று அவருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது.

பார்ப்பதற்கு ஒன்றும் பெரிய மெஷின் இல்லை. ஒரு மேஜை. அதன் பின்னால் ஒரு இரும்புத் தூண். தூணிலிருந்து மேஜைக்கு மேலே நீளுகிற ஒரு கை. அந்தக் கையில் தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் நகருகிற மோட்டார், மோட்டாரில் வட்ட ரம்பம். பலகையைக் குறுக்கே நறுக்க வேண்டுமென்றால் மோட்டாரைக் கைப்பிடியால் இழுத்தால் போதும், குழந்தைகூட நறுக்கிவிடும். ஆனால் அதே மெஷினில் மோல்டிங்கும் போடலாம் என்பதில்தான் எங்கள் குடும்பத்தின் நிம்மதி போயிற்று.

மோல்டிங்குக்கு ரம்பத்தைக் கழற்றிவிட்டு, கத்திகள் பொருத்திய உருண்டைத் தலை ஒன்றை மாட்ட வேண்டும். மோட்டாரைச் சாய்த்துச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கையை நகர்த்தி, உயரத்தைத் திருகி, சாய்வைப் பூட்டி, மேஜையின் பின்னோரம் நிற்கும் பின்கட்டையை ஒட்டி மரத்தைத் தள்ளினால் கத்தி அதில் வளைவும் வரியும் போடும். ஒரே தள்ளில் போடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியை இறக்கி, பல தடவை தள்ள வேண்டும். அதுவும் கத்தி சுற்றுகிற திசைக்கு எதிராகத் தள்ள வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் அண்ணன் மறுபக்கத்திலிருந்து தள்ளினார். மெஷின் அந்தச் சட்டத்தைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் எறிந்தது. சுவரில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரைக் கூட அதைப் பூச விடவில்லை அண்ணன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும் என்றார்.

மோல்டிங் முடிந்ததும் சட்டத்தைத் திருப்பிப் போட்டு, மறுமுகத்தில் காடி எடுக்க வேண்டும். இப்போது மோல்டிங் முகம் மேஜையைப் பார்த்து இருக்கும். ஓரம் இழைத்துப் போயிருப்பதால் சட்டம் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் காடி கோணல், காடி கோணினால் கண்ணாடி ஆடும், கண்ணாடி ஆடினால் திட்டு எனக்கு. அதனால் அண்ணன் இழைத்த இடத்துக்கு அடியில் ஒரு மெல்லிய கட்டையைச் செருகி ஓட்டுவார். மேலே சீப்பு மாதிரி அறுத்த ஒரு கட்டை மரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் சரிசெய்ய ஒரு முழுநாள் போய்விடும். சோதனைத் துண்டு ஓட்டுவார், பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி திருகுவார். ஒருவழியாகச் செட்டிங் அமைந்ததும் சிவப்புத் துணியைக் கட்டுவார். பூட்டு ஒன்றைத் தளர்த்தினாலும் அந்தச் செட்டிங் போனதுதான், அப்படியே திரும்பக் கிடைக்காது. எல்லாப் பூட்டிலும் ஒரு மயிரிழை ஆட்டம் உண்டு.

இதெல்லாம் நியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் இருப்பது ஒரே மெஷின். துணி கட்டியிருக்கிற நாளெல்லாம் தம்பி அலமாரிப் பலகைகளைக் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருப்பான். தோள் வலிக்க அறுப்பான், பல்லைக் கடித்துக்கொண்டு அறுப்பான். பக்கத்தில் மெஷின் மாப்பிள்ளை மாதிரி துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

அண்ணனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, கட்டைவிரல் நகம். இரண்டு சட்டங்கள் சேருகிற மூலையில், மோல்டிங் வரியோடு நகத்தை மெல்ல இழுத்துக்கொண்டு போவார். வரி சரியாகச் சேர்ந்திருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். சேராவிட்டால் 'டிக்' என்று மாட்டும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். தம்பி செய்த ஒவ்வொரு இழுப்பறையிலும், நான் வைத்த ஒவ்வொரு கண்ணாடி ஓரத்திலும் அந்த நகம் ஊர்ந்திருக்கிறது. தம்பி சின்னவனாக இருந்தபோது அவன் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டதைக்கூட நகம் வைத்துத்தான் பார்த்தார். அண்ணி சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது, அந்த நகத்துக்குப் பயந்து, அவர் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வாள்.

ஆனால் அந்த நகம் வெளியாட்கள் வேலைமேல் படவே படாது. ஒரு உறவுக்காரர் தன் புதுவீட்டுக் கதவைப் பெருமையாகக் காட்டினார். இடுக்கில் விரல் போகும். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அருமையா வந்திருக்கு" என்றார். ஒருமுறை வேலை அதிகமாகி ஒரு தச்சரைக் கூலிக்கு வைத்தோம். அவர் செய்ததையெல்லாம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார். அந்த மனிதர் சந்தோஷமாகப் போனார். அண்ணன் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. அவர் செய்த சட்டங்களை எல்லாம் நாங்கள் பிரித்துத் திரும்பச் செய்தோம்.

இந்த வருஷம் வந்தது பல் டாக்டரம்மாவின் வேலை. பழைய கட்டடத்தில் கிளினிக். தெருவைப் பார்த்து வரிசையாக ஜன்னல்கள், அவற்றில் மூன்று உளுத்துப் போயிருந்தன. புதிதாகச் செய்கிற மூன்றும் பழசோடு பழசாக நிற்க வேண்டும், வரி பிசகக் கூடாது. "பல்லு மாதிரிதான். புதுசு எதுன்னு வெளிய தெரியக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொலைந்தோம் என்று அர்த்தம்.

பழைய சட்டத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதன் வரிக்குப் பொருந்தும்படி அண்ணன் கத்திகளை அரத்தால் ராவினார். ராவினார், ராவினார், ராவிக்கொண்டே இருந்தார். செட்டிங் அமைந்தது, துணி ஏறியது. தேவையான சட்டங்களை ஓட்டி, வழக்கம்போல் கூடுதலாக இரண்டும் ஓட்டி வைத்தார். அதோடு துணியை அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும். சட்டம் பூட்டும்போது எது விரியுமோ, யாரு கண்டா?" என்றார். நாட்கள் போயின. தம்பியின் அலமாரி வேலை அப்படியே நின்றது. அலமாரிக்காரர் தினம் வந்து எங்கள் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். பதில் சொன்னது நான்.

ஒரு மத்தியானம் தம்பி கைரம்பத்தைத் தரையில் போட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு பலகை. நறுக்கிட்டு அப்படியே வச்சிடறேன்."

"அப்படியே வைக்க முடியாது."

"அப்ப நான் என்னதான் பண்றது? காலம் பூரா கையால அறுத்துக்கிட்டே கெடக்கவா?"

"கையால அறுத்தா கை ஒண்ணும் தேஞ்சிடாது."

"சரி. இந்த டாக்டரம்மா வேலை முடியட்டும். நான் தனியா போறேன். பின்தெருவுல ஒரு ஷெட்டு பாத்து வச்சிருக்கேன்."

பார்த்து வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் எழுந்துபோய் மெஷின் கைப்பிடியிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். துணியை மடித்து, சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.

"மெஷினயும் நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு இழைப்புளி போதும்" என்றார்.

தியாகியாகிவிட்டார்! எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "அப்ப நான் எங்க போறது? என்னப் பாதிப் பாதியா அறுத்து ஆளுக்கொண்ணா வச்சுக்கிறீங்களா? செட்டிங் போட்டுட்டுச் சொல்லுங்க, வந்து படுத்துக்கறேன்" என்று கத்தினேன். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தம்பி உருண்டைத் தலையைக் கழற்றி, ரம்பத்தை மாட்டி, வெறிபிடித்தவன் மாதிரி பலகைகளை நறுக்கிக் குவித்தான். நான் தேய்த்துக்கொண்டிருந்த சட்டத்தில் என் கண்ணீர் விழுந்து மரம் புடைத்துக்கொண்டது. அதையும் நானே மறுபடி தேய்த்தேன்.

அடுத்து வந்த நாட்களில் அண்ணன் தம்பியின் வேலைப் பக்கமே வரவில்லை. எதையும் குறை சொல்லவில்லை. அலமாரிக் கதவு ஒன்று அப்பட்டமாக ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது, பார்த்தும் பார்க்காதவராகப் போனார். என்ன நிம்மதி என்று நினைத்திருக்க வேண்டும். நானோ அந்தக் கதவை அவர் காதில் விழுகிற மாதிரி திறந்து திறந்து மூடினேன்.

இதற்கிடையில் ஜன்னல்களைப் பூட்டினோம். கூடுதலாக ஓட்டிய இரண்டில் ஒன்று, கணு உதிர்ந்துபோன ஒரு சட்டத்துக்குப் பதிலாகப் போயிற்று. இன்னொன்று இருக்கிறது என்று தெம்பாக இருந்தோம். மூன்றாவது ஜன்னலில் ஆப்பு அடிக்கும்போது மேல்சட்டம் நீளவாக்கில் விரிந்தது. அந்த இன்னொன்றைத் தேடினால் காணோம். கடைசியில் மெஷின் மேஜையில் கண்டுபிடித்தேன். தம்பி பலகைகளை ஒரே அளவில் நறுக்க நிறுத்துக்கட்டை வேண்டுமென்று, கைக்குக் கிடைத்ததை எடுத்து, ஒரு சாண் துண்டாக வெட்டி அடித்து வைத்திருக்கிறான். மோல்டிங் முகம் அடிப்பக்கம் இருந்ததால் அவன் கவனிக்கவில்லை.

வெடிக்கும் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அண்ணன் அந்தத் துண்டைப் பார்த்தார். "பரவாயில்ல, விடு" என்றார். மற்ற இரண்டு ஜன்னல்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார். தம்பி முகம் வெளுத்துவிட்டது. திட்டியிருந்தால் இவ்வளவு வெளுத்திருக்காது.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னு சட்டத்த வாங்கு" என்றான்.

"செட்டிங் போச்சேடா."

"துண்டு இருக்கில்ல. அத வச்சே கொண்டு வர்றேன்."

ரம்பத்தைக் கழற்றி உருண்டைத் தலையை மறுபடி மாட்டினான். தான் வெட்டிய அதே துண்டைப் பின்கட்டையில் சாய்த்து, கத்தியின் வளைவு அதில் பொருந்துகிற வரை மோட்டாரைச் சாய்த்தான், கையை நகர்த்தினான், உயரத்தைத் திருகினான். குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். அண்ணன் செய்கிற மாதிரியே உதட்டைப் பிதுக்கினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் மறுபக்கம் நின்றேன். ஒவ்வொரு தள்ளுக்கும் சட்டம் என் கைக்குக் கதகதப்பாக வந்து சேர்ந்தது. பிறகு திருப்பிப் போட்டு, அடியில் கட்டை செருகிக் காடி எடுத்தான். மூலையில் பொருத்தி, நகத்தை வைத்து இழுத்தான். அந்த 'டிக்' எனக்கும் கேட்டது. ஆனாலும் அவன் சட்டத்தைப் பூட்டி முடித்தான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் திரும்பி வந்தார். புதுச் சட்டம் பூட்டிய ஜன்னல் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"நல்லா வந்திருக்கே. மாட்டிடலாம்" என்றார்.

எனக்கு அந்த உறவுக்காரர் வீட்டுக் கதவுதான் கண்முன் வந்தது.

"நகம் வச்சுப் பாரு" என்றான் தம்பி.

"எதுக்குடா? நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

அண்ணன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தம்பி மேஜையை ஓங்கித் தட்டினான்.

"வெளியாளுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாதண்ணே! மாட்டுதுன்னு எனக்கே தெரியும். நான் வச்சுப் பாத்தாச்சு. நீ வச்சுப் பாரு!"

"நீதான் போறியேடா."

"போறேன்னுதான் சொன்னேன். போயிட்டேனா?"

அண்ணன் ஜன்னலை நோக்கிக் குனிந்தார். பிறகு வலது கை மட்டும் பின்னாலிருந்து வந்தது. கட்டைவிரல் நகம் அவரே ஓட்டிய பக்கச் சட்டத்தின் வரியைப் பிடித்து, மெதுவாக ஊர்ந்து, மூலையைக் கடந்து, புதுச் சட்டத்துக்குள் போய், திரும்பி வந்தது. டிக்.

"அரை மில்லி" என்றார். நகத்தை மறுபடி அதே இடத்தில் வைத்தார். "அரை மில்லி கீழ போயிருக்கு. கத்திய இறக்கி நிறுத்திட்டு அப்படியே ஓட்டியிருக்க. இறக்கினா மெஷின் கை தூண்ல பிடிச்சுக்கிட்டு நிக்கும், மெஷின் ஓட ஓட அதிர்ந்து கீழ உக்காரும். ஒரு சுத்து கீழ போயிட்டு, மேல ஏத்தி நிறுத்தணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? காதுல என்ன, மரத்தூளா அடச்சு வச்சிருக்க? இந்த அழகுல தனி ஷெட்டு வேற! அப்புறம் அந்த அலமாரிக் கதவு, பாத்தேன், வயித்தெரிச்சல். கீல் வச்ச இடம்..."

நிறுத்தவே இல்லை. சேர்த்து வைத்திருந்த அத்தனை நாள் குறையும் கொட்டியது. தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே சுத்தியலால் தட்டி அந்தச் சட்டத்தைப் பிரித்தான். புது மரத்தை எடுத்தான். ஒரு சுற்று கீழே போய், மேலே ஏற்றி நிறுத்தினான். அண்ணன் மெஷினைத் தொடவில்லை, ஆனால் வாய் ஓயவில்லை. இரண்டாவது சட்டம் மூலையில் உட்கார்ந்தது. நகம் ஊர்ந்தது, வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனார். நகம் வைத்துப் பார்த்த பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு.

தம்பி சுவரிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தான். எடுத்து, கைப்பிடியில் இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டான்.

"டேய், என்னடா பண்ற?" என்றேன்.

"எக்ஸ்ட்ராவா ரெண்டு ஓட்டணும்க்கா. அப்புறமும் அப்படியே இருக்கட்டும், கிளினிக்ல மத்த ஜன்னலும் உளுத்தா? யாரும் தொடாதீங்க."

ஷெட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். கண்ணாடிகளைக் கட்டி எடுத்துப் போக எனக்கு ஒரு சட்டப்பெட்டி அடிக்க வேண்டியிருந்தது. அதற்கு ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை நாலு நறுக்க வேண்டும். மெஷின் காலியாகட்டும் என்று நானும்தான் அத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன், என்னை யார் கேட்டார்கள்? இவர்கள் சண்டை போட்டாலும் மெஷின் கிடையாது, சேர்ந்துகொண்டாலும் மெஷின் கிடையாது. மூலையில் கிடந்த கைரம்பத்தை எடுத்தேன். பல் மழுங்கிப்போயிருந்தது. ரீப்பரைக் காலால் அமுக்கிக்கொண்டு கோபம் தீர அறுத்தேன்.

"பாப்பா, சாஞ்சு போகுது பாரு. அரை மில்லி" என்றார் அண்ணன், பின்னாலிருந்து.

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் அந்த ரம்பத்தாலேயே ஒன்று போட்டிருப்பேன். ரம்பத்தை நிமிர்த்திப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து அறுத்தேன்.